ஏரம்பமூர்த்தியின் பிள்ளைகள்

குணசீலன் இறந்த செய்தியை ஒரே காலையில் மூன்று பேர் எனக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். மூவரும் "அண்ணன் போயிட்டார்" என்றே தொடங்கினார்கள். குணசீலனோ தம் தாய்க்கு ஒரே பிள்ளை. இதை விளக்காமல் அவருக்கு அஞ்சலி எழுத முடியாது. விளக்கிய பின் இது அஞ்சலியாக இருக்குமா என்பதும் எனக்கு உறுதியில்லை.

மொன்றியலில் ஒரு கல்லூரி நூலகத்தில் நாங்கள் சேர்ந்து வேலை பார்த்தோம். என்னைவிட ஒரு தலைமுறை இளையவர். அவர் இனியவர், பண்பாளர் என்றெல்லாம் தகனத்தன்று மண்டபத்தில் நீங்கள் பேசியதைக் கேட்டேன். என் அனுபவத்தில் அவர் பிடிவாதக்காரர். சொன்னதை இரண்டாம் முறை சொல்ல வைப்பவர். கூட்டங்களில் தூங்குபவர். ஆனால் ஆவணங்களில் ஒருவரைத் தேடுவதில் அவருக்கு இணையாக நான் எவரையும் கண்டதில்லை.

அவர் தேடியது தம் குடும்பப் பெயரை. நம்மவர்களுக்கு அப்படியொன்று கிடையாது. இங்கே வந்திறங்கியதும் ஒரு படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கும். தகப்பன் பெயரை எழுதிக் கட்டத்தை நிரப்பிவிடுவோம். அப்படித்தான் அவர் குணசீலன் ஏரம்பமூர்த்தி ஆனார். மட்டக்களப்பிலிருந்து சண்டை நாட்களில் வேலைக்கென்று திருகோணமலைக்குப் போன அந்த ஏரம்பமூர்த்தி திரும்பி வரவில்லை. குணசீலன் அப்போது சிறுவன். தாய் சாகும்வரை பொட்டை அழிக்கவில்லை. மகன் அந்தியேட்டி என்னும் இறுதிக் கிரியையைச் செய்யவில்லை. "ஆள் இல்ல எண்டு எனக்கு ஆரும் சொல்லல்லையே, அக்கா" என்பார். அந்த ஒரு கேள்வியின் மேல்தான் அவர் வாழ்க்கை நின்றது: தகப்பனுக்குக் கிரியை செய்யலாமா, கூடாதா.

தகப்பனும் இங்கே வந்து சேர்ந்திருக்கலாம் என்று, இந்த நகரத்தின் பழைய தொலைபேசிப் புத்தகங்கள், வீட்டு வரிப் பட்டியல்கள், மரண அறிவித்தல்கள் எல்லாவற்றிலும் ஏரம்பமூர்த்திகளைத் தேடினார். அவருடைய பிழையை ஒருநாள் நான் எடுத்துச் சொன்னேன். "இந்தப் பெயருக்குக் கீழே உங்கட அப்பா இருக்க மாட்டார். அவருடைய தகப்பன் பத்தக்குட்டி. ஆகவே அவர் பத்தக்குட்டி என்ற பெயருக்குக் கீழேதான் பதிவாகியிருப்பார். உங்களுக்குக் கிடைக்கிறவர்கள் எல்லாரும் ஆரோ ஓர் ஏரம்பமூர்த்தியின் பிள்ளைகள்."

அவர் சிரித்தார். "தெரியும் அக்கா. நான் அப்பாவைத் தேடல்ல. அவர்ர புள்ளையளத் தேடுறன். அவையள் சொல்லட்டும் அவர் இரிக்காரா இல்லையா எண்டு."

"பத்தக்குட்டியையும் ஒருக்கால் தட்டிப் பாருங்களேன்."

"அதில கிடைச்சா செத்த ஆளாத்தான் கிடைப்பார். தேடாம இரிக்கும் வரைக்கும் இரிக்கார்."

இது தர்க்கமில்லை என்றேன். அவர் அடுத்த பட்டியலைப் புரட்டினார்.

லொங்கேய் புறநகரில் ஒரு வீட்டுக்கு என்னையும் அழைத்துப் போனார். கதவைத் திறந்த பெண்ணின் குடும்பப் பெயரும் ஏரம்பமூர்த்தி. அவருடைய தகப்பன் உள்ளே தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் வந்த காரணத்தைக் கேட்டதும் அந்தப் பெண், "இவருக்கு நாங்க மூண்டு பேர் காணாதா? நாலாவதா நீங்களும் வேணுமா?" என்று சிரித்தார். முதியவர் குணசீலனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ எந்த ஏரம்பமூர்த்தியின்ர மகன், தம்பி?"

"அதைத்தான் ஐயா நானும் கேட்டுத் திரியிறன்."

வெளியே வரும்போது அந்தப் பெண் அவரை அண்ணன் என்று அழைக்கத் தொடங்கியிருந்தார். போன வீடெல்லாம் இப்படித்தான். அந்தப் பெயரில் எவர் இறந்தாலும் குணசீலன் போய் உறவினர் வரிசையில் நிற்பார். பெயர் ஒன்றாக இருந்ததால் எவரும் உறவு முறை கேட்கவில்லை. முன்பின் அறியாத ஒருவருக்கு அவர் வாய்க்கரிசி போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அவர் முகத்தில் துக்கம் இல்லை, கவனம் இருந்தது. எனக்குக் கூசியது.

கடைசியாக மருத்துவமனையில் பார்த்தபோது சுருக்கமாகச் சொன்னார்: "நான் போன மறுகா நீங்க அந்தப் பத்தக்குட்டிப் பேரத் தேடுங்க, அக்கா. நான் இரிக்கும் வரைக்கும் அவர் சாகக் கூடாது."

தகனம் முடிந்த மறுநாள் தேடினேன். கிடைக்க அதிக நேரம் எடுக்கவில்லை. ஏரம்பமூர்த்தி பத்தக்குட்டி, பிறந்த இடம் மட்டக்களப்பு. இதே நகரத்தின் ஒரு தகனசாலையில், நாங்கள் இருவரும் நூலகத்தில் வேலை பார்த்த காலத்தில் எரிக்கப்பட்டிருக்கிறார். தகனத்துக்குக் கையொப்பமிட்டவர் என்ற இடத்தில் மகன் என்று எழுதியிருந்தது. மகனின் பெயர் குணசீலன் ஏரம்பமூர்த்தி.

இத்தனை ஆண்டுகளாக என்னை ஏமாற்றியிருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு கையெழுத்தைப் பார்த்தேன். அது அவருடையதல்ல.

தேடத் தொடங்கும் எவரும் முடிவுகளிலிருந்து தம் சொந்தப் பெயரை முதலில் நீக்கிவிடுவார்கள். நூலகத்தில் நாங்கள் கற்பித்த முறையும் அதுவே. குணசீலனும் ஒவ்வொரு முறையும் நீக்கியிருக்கிறார், அதே பெயருள்ள இன்னொருவரையும் சேர்த்து. வரிப் பட்டியலில் அந்தப் பெயர் நகரை ஒட்டிய இல்-பிசார் தீவில் ஒரு வீட்டுக்கு உரிமையாளராக இருந்தது. எண்ணைத் தேடி எடுத்து அழைத்தேன்.

"ஓம், குணசீலன் கதைக்கிறன். ஆர் நீங்கள்?"

குரல் அவருடையதைப் போலவே இருந்தது என்று எழுதினால் நம்புவீர்கள். அப்படி இருக்கவில்லை. இளைய குரல்.

"உங்களுக்கு ஓர் அண்ணை இருந்தவரோ?" என்றேன்.

"ஓம், அப்பாவின்ர முதல் குடும்பத்தில. சண்டைக்குள்ள தாயோட செத்துப்போனவராம். அவர்ர பேரைத்தான் அப்பா எனக்கு வச்சவர். தான் இருக்கும்வரைக்கும் வருசா வருசம் அண்ணைக்குத் திவசம் செய்தவர். இப்ப நான் செய்யிறன். டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில இருக்கிற கோயிலில. வாறவைக்கெல்லாம் சாப்பாடு குடுக்கிறனாங்கள்."

அந்தக் கோயிலுக்குக் குணசீலன் தவறாமல் போவார். அங்கே உண்ணாமல் திரும்பவும் மாட்டார். தமக்கான திவசச் சோற்றை அவர் எத்தனை முறை தின்றிருப்பார் என்பதற்கு ஆவணம் எதுவும் இல்லை.

அவருடைய அண்ணன் இறந்தது போன வாரம் என்று சொன்னேன். மறுமுனையில் ஒரு குழந்தை பிரெஞ்சில் ஏதோ கேட்டது. அதை ஏதோ சொல்லி அனுப்பிவிட்டு அவர் பேசினார்.

"அப்ப சரியான திதியைச் சொல்லுங்கோ, அன்ரி. இவ்வளவு காலமும் பிழையான நாளிலயெல்லோ செய்தனாங்கள்."

சொன்னேன்.

குணசீலனிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்னவென்று அவரை அறிந்த நீங்கள் கேட்கலாம். புகைப்படம் இல்லை, நான் புகைப்படங்கள் வைத்துக்கொள்பவள் அல்ல. என் தொலைபேசியிலிருந்து அவருடைய பெயரை நான் அழிக்கவில்லை. எண்ணை மட்டும் மாற்றியிருக்கிறேன்.