ஒரு படம் கேட்டால் ஒரு படம்

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் போன் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே முதலாளி சொல்லிக் கொடுத்தது இதுதான். பாட்டு ஏற்ற வந்தாலும், படம் பிரிண்ட் போட வந்தாலும், மெமரி கார்டைக் கழற்று, ரீடரில் போடு, உள்ளே இருப்பதை முழுசாகக் கம்ப்யூட்டரில் இறக்கு, பிறகு வேலையைப் பார். கார்டு பழுதானால் பழி நம் தலையில் விழக் கூடாது என்பது அவர் கணக்கு. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

கம்ப்யூட்டர் திரை கவுண்டரைப் பார்த்தபடி இருக்கும். வந்தவர் தன் படத்தைத் தொட்டுக் காட்ட வசதி. பின்னால் ரீலோட் போட, அதாவது போனுக்குக் காசு ஏற்ற, நிற்பவர்களுக்கும் வசதி. யார் வீட்டுச் சடங்கு, யார் யாரோடு இறம்பொடை அருவிக்குப் போய் நின்றார்கள், எல்லாம் ஊர் பார்க்கும். யாரும் அதைத் தப்பு என்று சொன்னதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்லதண்ணிப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தார். வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய், பாதியில் திரும்பியவர். வேலை செய்த வீட்டில் பட்ட கொடுமை பற்றி மறுநாள் நுவரெலியாவில் ஒரு அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும், அதற்கு ஒரு படம் வேண்டும் என்றார். அனுப்பி வைத்த ஏஜென்சிக்காரன், இவர் சொல்வதெல்லாம் பொய் என்று சாதித்துக்கொண்டிருந்தானாம். நான் வழக்கம்போல் கையை நீட்டினேன். அவர் போனைத் தரவில்லை.

“ஒரு படந்தாண்ணே வேணும். மத்தத யாரும் பாக்கக் கூடாது.”

“கார்டப் போட்டா எல்லாந்தாம்மா வரும். ஒண்ணு மட்டும் வான்னா வருமா?” என்றார் முதலாளி.

அந்தப் பெண் வாசல் பக்கம் திரும்பினார். விட்டிருக்கலாம். காலையிலிருந்து நின்று எனக்குக் கால் கடுத்துப் போயிருந்தது. ஆனால் படம் இல்லாமல் போனால் நாளைக்கு அவர் பேச்சை யார் நம்புவார்கள்? கூப்பிட்டு நிறுத்தினேன்.

பையன்கள் பாட்டு வாங்குவதற்காகக் கம்ப்யூட்டரில் புளூடூத் போட்டிருந்தோம். அதில் அனுப்புகிறவர் எதைத் தேர்ந்தெடுக்கிறாரோ அது மட்டும்தான் வரும். ஷோகேஸிலிருந்து அவருடையதைப் போலவே ஒரு போனை எடுத்தேன். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று, எந்த பட்டனை அமுக்க வேண்டும் என்று என் கையிலிருந்த போனில் காட்டினேன். அவர் அந்தப் பக்கம் நின்று, தன் போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அதையே செய்தார். இரண்டு தரம் தவறிப் போனது. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். முதலாளி என்னை முறைத்தார்.

மூன்றாம் தரம் வந்தது. ஒரு முன்னங்கை. அதில் இஸ்திரிப் பெட்டியின் முனை அப்படியே பதிந்திருந்தது. முணுமுணுப்பு நின்றுவிட்டது.

“கைதானேம்மா, இதுக்கா இவ்வளவு மறைச்ச?” என்று முதலாளி மெதுவாகக் கேட்டார்.

“மத்ததெல்லாம் முதுகுலங்க.”

முதலாளி எழுந்து திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். பிரிண்டைக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டு, அந்தப் பெண்ணைத் திரைப் பக்கம் கூப்பிட்டு, வந்த படத்தை அவர் கண் முன்னாலேயே அழித்தேன். முறைப்பாடு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. அவர் திரும்பி வரவில்லை. அடுத்த வாரமே கடையில் மறுபடியும் கார்டு ரீடர்தான். அது சுலபம், நேரம் மிச்சம். இதைச் சொல்லிச் சண்டை போட்டே எனக்கு அலுத்துப் போனது.

இப்போது கடையே போனுக்குள் வந்துவிட்டது. காலண்டர் ஆப் கூட எல்லாப் படங்களையும் பார்க்க அனுமதி கேட்கிறது. ஆப் செய்கிற பிள்ளைகளுக்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஒரு படம் தேவை என்றால் ஒன்றை மட்டும் கேளுங்கள், அதை எடுத்துத் தருவது போன் வைத்திருப்பவர் கையாக இருக்கட்டும். உங்களுக்கு அது வெறும் படம். சிலருக்கு அது உடம்பு.