வீட்டுப்பேர்

எங்கள் பக்கத்தில் ஒருவனைப் பற்றி விசாரிப்பவர்கள் முதலில் கேட்பது வீட்டுப்பேரைத்தான். கல்யாணக் கடிதாசியானாலும் கோர்ட்டு சம்மனானாலும் வீட்டுப்பேர் முன்னால் வரும், ஆள் பின்னால் வருவான். பள்ளிக்கூடப் பதிவேட்டிலும் அதற்கென்று ஒரு கட்டம் உண்டு. அது காலியாக இருந்தால் பிள்ளையைச் சேர்க்க மாட்டார்கள்.

திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த நாட்களில் நான் பனச்சமூட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் தமிழ் வாத்தியாராக இருந்தேன். ஒரு நாள் ஒரு பெண் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். புருஷன் போராட்ட ஊர்வலத்தில் கொடி பிடித்தான் என்று நிலக்காரர் அவர்கள் குடிசையைப் பிரித்துப் போட்டுவிட்டார். அவனோ அம்பூரிக்கு ரப்பர் பால் வெட்டப் போனவன், தகவலே இல்லை. தாயும் மகளும் சந்தைக் கொட்டகையில் கிடந்தார்கள். சுவரில் ஒட்டியிருந்த போராட்ட நோட்டீஸ்களை எழுத்துக்கூட்டியே அந்தக் குட்டி பாதி எழுத்தைப் படித்திருந்தாள். அதைப் பார்த்ததும் இவளை விடக்கூடாது என்று தோன்றிவிட்டது.

"வீட்டுப்பேரு இல்லாம சேக்க ஒக்காது. சந்தைக் கொட்டகைண்ணு எழுதவா சொல்லுதீரு?" என்றார் தலைமையாசிரியர்.

"வீட்டத்தான் பிரிச்சுப் போட்டாச்சே சாரே. பேருக்கு நான் எங்க போவேன்?" என்றாள் அந்தப் பெண்.

மூன்று நாள் தலைமையாசிரியரோடு மல்லுக்கு நின்றேன். பென்ஷனை எதிர்பார்த்துக்கொண்டிருந்த மனிதர், தன் நிழலைக் கண்டே பயப்படுவார். கடைசியில், "எங்க வீட்டுப்பேரைப் போடுங்க சார். எங்க வீட்டுல நிண்ணு படிக்குதுண்ணு இருக்கட்டும்" என்றேன். அவர் பேனாவை என் பக்கம் தள்ளினார். நானே எழுதினேன். வழக்கு தீர்ந்தது என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

என் தம்பி அப்போது போராட்டத்தில் தலைமறைவு. போலீஸ் எங்கள் வீட்டை இரண்டு முறை கிளறிப் போட்டிருந்தது. இதெல்லாம் தெரிந்தும் என் புத்தி அந்தப் பக்கம் போகவில்லை.

ஒரு மாதம் கழித்துப் போலீஸ் பள்ளிக்கு வந்தது. பதிவேட்டைப் புரட்டிய விரல் எங்கள் வீட்டுப்பேரில் வந்து நின்றது.

"நிங்கட வீட்டில குட்டிகள் இல்லல்லோ. இது ஆரு?"

உண்மையைச் சொன்னால் என் வேலை போகும், அவர் பென்ஷன் போகும். "தூரத்துச் சொந்தமாக்கும்" என்றேன். தலைமையாசிரியர் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். போலீஸ்காரர் வகுப்புக்குள் போய், எங்கே தங்கியிருக்கிறாய் என்று குட்டியிடமே கேட்டார். கேள்வி கேட்டால் கைகட்டி நின்று பதில் சொல்ல வேண்டும் என்று வகுப்பில் நான் பழக்கியிருந்தபடியே அவள் எழுந்து நின்று, "சந்தைக் கொட்டகையில" என்று தெளிவாகப் பதில் சொன்னாள்.

எங்கள் வீட்டுப்பேரை வைத்துக்கொண்டு சந்தையில் கிடப்பவள், தம்பிக்குச் சோறு கொண்டுபோகும் ஆளாகத்தான் இருப்பாள் என்று அவள் தாயைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தாயை ஸ்டேஷனில் வைத்திருந்த மூன்று நாளும் குட்டி எங்கள் வீட்டில் இருந்தாள். நான் பொய்யாக எழுதியது மெய்யாயிற்று. ஸ்டேஷன் நடந்து போகிற தூரம்தான். போய், எழுதியது நான்தான், அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இரண்டு தடவை செருப்பை மாட்டினேன், இரண்டு தடவையும் கழற்றினேன். கோழை நான், வேறு வார்த்தை இல்லை.

நான்காம் நாள் தாய் ஒரு காலை இழுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தாள். உள்ளங்கை இரண்டும் வீங்கியிருந்தன.

"அந்தப் பேர வெட்டிருங்க சாரே."

"வெட்டினா பிள்ளைக்குப் படிக்க ஒக்காதே."

"உங்க தம்பிய எனக்குத் தெரியாதுண்ணு எத்தன தடவ சொன்னேன். அதே வீட்டுப்பேருதானேண்ணு அடிச்சான். நீங்க வந்து ஒரு வாக்கு சொல்லுவியண்ணு வாசலையே பாத்துட்டு இருந்தேன் சாரே."

"வா மக்கா" என்றாள் மகளைப் பார்த்து. குட்டி பள்ளிச் சிலேட்டைத் துடைத்து என் மேசையில் வைத்துவிட்டுத் தாயின் பின்னால் போனாள். அதன்பிறகு சந்தையில் அவர்களைக் காணவில்லை.

பெயரை நீக்கினால் காரணம் எழுத வேண்டும். தலைமையாசிரியர் இம்முறையும் பேனாவை என் பக்கம் தள்ளினார். வீடு மாறிப் போய்விட்டார்கள் என்று எழுதினேன்.