நெற்றிக் காசு

சன்னாசிக்குக் கடன் என்றால் ஆகாது. நாங்கள் கடல் தாண்டி வந்த சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இது ஊரறிந்த பைத்தியம். கங்காணியிடம் பட்ட கடனை அடைக்க அவனுக்கும் மனைவி காளியம்மாவுக்கும் ஆறு வருஷம் ஆயிற்று. அதற்குப் பிறகு கடைக்காரர் பற்று எழுதக் கூப்பிட்டாலும் வெறும் கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவான்.

1927இல் ஒரு நாள், ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்த காளியம்மா காய்ச்சலில் விழுந்தாள். மறுநாள் காலை போய்விட்டாள். குளிப்பாட்டியாயிற்று. நெற்றியில் வைக்க ஒரு காசு வேண்டும், வீட்டில் இல்லை. லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் நீட்டியதை அவன் தொடவில்லை.

"கடன் காசோட அவள அனுப்பமாட்டேன்" என்று சொல்லிவிட்டு நேரே ஆபீசுக்கு வந்தான். அங்கே கணக்கு எழுதும் கிராணி நான்தான்.

"ஐயா, காளியம்மா இந்த மாசம் பதினெட்டு நாள் வெட்டியிருக்கா. அதுல ஒரு காசு குடுங்க. ஒண்ணு போதும்."

அழவில்லை. ஆள் வேறெங்கோ இருந்தான்.

துரையிடம் சொன்னேன். அடுத்த வாரம் அவருக்குத் தமிழ்ப் பரீட்சை. 'காசு' என்று காதில் விழுந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. தடுமாறும் தமிழில் பாடம் தொடங்கினார். ஆங்கிலத்தில் 'கேஷ்' இரண்டு உண்டாம். கீழை நாட்டுச் சில்லறையைச் சொல்லும் கேஷ், நம் காசுதானாம். போர்ச்சுகீசியர் வாய்வழியாகப் போனதாம். ரொக்கத்தைச் சொல்லும் கேஷ் வேறு. அது பெட்டி என்ற சொல்லிலிருந்து வந்ததாம்.

"சரிங்க தொரை" என்றான் சன்னாசி. "அந்த ஒரு காசு?"

"சம்பளம் முப்பதாம் தேதி. எல்லாருக்கும் ஒரே சட்டம்" என்றார் துரை.

சம்பளப் பெட்டிச் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. வேலை போய்விடுமே என்ற பயம். என் பையிலிருந்து ஒரு காசை எடுத்து நீட்டினேன்.

"இது உங்க காசுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பெரிய குங்குமப் பொட்டோடு, காசில்லாமல் அவளைப் புதைத்தார்கள். மறுநாள் விடிந்ததும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டுச் சன்னாசி வெட்டப் போனான்.

முப்பதாம் தேதி "காளியம்மா" என்று கூப்பிட்டேன். அவன் வந்தான். ஏழு வெள்ளி இருபது காசு. அந்த இருபதையும் ஒற்றைக் காசுகளாகவே எண்ணி வைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

உள்ளங்கையைப் பார்த்தபடி நின்றான்.

"இத இப்ப எங்கங்க வைக்கிறது?"

பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். கைநாட்டு வாங்கிக்கொண்டு அடுத்த பேரைக் கூப்பிட்டேன்.