சாமியைத் தேடி எருமப்பட்டிக்கு

என் மகள் கயல்விழி ஏதோ ஒரு சாமியாரிடம் சேர்ந்துவிட்டாள் என்று நான் முழுமனதாக நம்பினேன். ஆத்தூரில் எங்கள் தெருவில் யார் வீட்டில் எது நடந்தாலும் கிண்டலடிக்கிற ஆள் நான். என் வீட்டில் என்றதும் ஒரு கிண்டலும் வரவில்லை.

எருமப்பட்டிப் பக்கம் கல்லூரி விடுதியில் இருக்கிறவள், திங்கட்கிழமை மாலை ஃபோனில் சொன்னது இவ்வளவுதான்: "இப்பல்லாம் மெஸ்ல சாப்பிடறதில்லப்பா. பின்பக்கம் சாமிகிட்டதான். சாமி கையால சாப்பிட ஆரம்பிச்சதிலருந்து தலைசுத்தலே இல்ல." லைன் போய்விட்டது. திரும்ப அடித்தால் எடுக்கவில்லை. அவளிடமே முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் பதறுங்கள் என்றாள் மனைவி. நானா கேட்பேன்? விடுதிக் காப்பாளரைக் கூப்பிட்டு, கல்லூரிக்குப் பின்னால் ஒரு சாமியார் பிள்ளைகளுக்கு எதையோ கொடுத்து மயக்குகிறான் என்று புகார் செய்தேன். பார்த்துக்கொள்கிறோம் சார் என்றார்.

செவ்வாய் காலை 6.10க்கு ஆத்தூரில் ராசிபுரம் பஸ் ஏறினேன். நெற்றி நிறையத் திருநீறு. மந்திரத்தை எடுக்கப் பையில் இரண்டு எலுமிச்சம்பழம். ஓட வேண்டி வந்தால் என்று காலில் புது கான்வாஸ் ஷூ. அது கடித்த கடியில் மல்லியகரை வருவதற்குள் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். சாமியாரைத் துரத்தப் போகிறவன் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தேன். வெளியே மரவள்ளிக் காடுகள், ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலைகளின் புளித்த வாடை.

ராசிபுரத்தில் மாறி, நாமக்கல் வந்தபோது மணி 8.50. டீ பன்னிரண்டு ரூபாய், பாதியிலேயே வைத்துவிட்டேன். எருமப்பட்டி பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். இரண்டு பக்கமும் நீள நீளமாகக் கோழிப்பண்ணைகள், இடையில் சின்ன வெங்காயம், நிலக்கடலை, வேலியோரம் முருங்கை. இத்தனை விளைகிற ஊரில் இவள் சோற்றுக்கு எதற்குச் சாமியாரிடம் போனாள்?

"சாமி, கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க" என்றார் கண்டக்டர். திருநீற்றைப் பார்த்துச் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த நிறுத்தத்தில் ஒரு பள்ளிக்கூடச் சிறுமியிடம், "படியில நிக்காத சாமி" என்றார். அவள் நெற்றியில் ஒரு பொட்டுகூட இல்லை. எங்கள் ஆத்தூர்ப் பக்கம் சாமி என்றால் கோயிலில் இருப்பது, இல்லாவிட்டால் சாமியார். இங்கே பஸ்ஸில் ஏறுகிற எல்லோருமே சாமி. அப்போதுதான் கயல் சொன்ன சாமி சாமியார்தானா என்ற சந்தேகம் முதல்முறையாக வந்தது.

10.05க்குக் கல்லூரி. இடைவேளை. கயல் இரண்டு தோழிகளோடு பின்பக்கக் கம்பி வேலியருகில் நின்றிருந்தாள். வேலியில் ஓர் ஆள் நுழையும் சந்து இருந்த இடத்தில் புது முள்கம்பி பளபளத்தது. பக்கத்தில் காவலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் கையில் தூக்குப் போசியோடு ஓர் அம்மா.

"இதுதான்ப்பா சாமி. எங்களச் சாமி சாமின்னு கூப்பிடும், நாங்களும் அப்படியே கூப்பிட்டுப் பழகிட்டோம்" என்றாள் கயல். பெயர் ராசாமணி. வேலிக்கு அப்பால் இருப்பது அவருடைய காடு. தன் ராகியில் களி, தன் முருங்கையில் கீரை, தன் கோழி இட்ட முட்டை. பிள்ளைகள் சந்து வழியாகப் போய் வேப்பமரத்தடியில் சாப்பிட்டு வருவார்களாம்.

"வாங்க சாமி. ஊட்டுக்குக் கூப்பிடலாம்னா வழிய அடைச்சுப்போட்டாங்க. விடியறப்பவே கம்பியோட ஆளு வந்துருச்சு. எவனோ என்னையச் சாமியார்னு சொல்லிப்போட்டானாமுங்க." சிரித்தார். "எனக்குத் தாடி ஒண்ணுதாங்க இல்ல."

என் ஆயுளில் நான் அடித்த எந்த ஜோக்கையும்விட நல்ல ஜோக். சிரிப்பு வரவில்லை. கயலைத் தள்ளிக் கூட்டிப்போய், அது நான்தான் என்றேன்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். "சாம்பார் தண்ணியா இருக்குன்னேன். நீச்சல் கத்துக்கோன்னீங்க. தினமும் உருளக்கெழங்குதான்னேன். அதுவும் மண்ணுல வெளஞ்சதுதானேன்னீங்க. தல சுத்துதுன்னேன். தலைன்னு ஒண்ணு இருக்கறது இப்பவாச்சும் தெரிஞ்சுதான்னு கேட்டீங்க. அதோட சொல்றத விட்டுட்டேன்ப்பா. நேத்து நல்ல சேதியாச்சேன்னுதான் சொன்னேன்."

காப்பாளரிடம் போனேன். சாமியார் யாரும் இல்லை என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. ஆனாலும் வெளிச்சாப்பாடு விஷயம் மேலே போய்விட்டதாம். யாருக்காவது வயிற்றுக்கு ஆகாவிட்டால் யார் பதில் சொல்வது என்றார். புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தேன். மரியாதையாக வாங்கி மேசையில் காகிதங்களை அழுத்தியிருந்த கண்ணாடிக் குண்டுக்கு அடியில் வைத்தார்.

12.30க்கு மெஸ்ஸில் அவளோடு உட்கார அனுமதி கிடைத்தது. வெள்ளைச் சோறு, தட்டின் பூப்போட்ட அடி தெரிகிற சாம்பார், உருளைக்கிழங்கு. முட்டை புதன்கிழமைதான். ஜன்னலுக்கு வெளியே சாலையில் முட்டை அட்டைகளை அடுக்கிய வேன் ஒன்று நிதானமாகப் போனது. கயல் நாலு வாய் சாப்பிட்டுத் தட்டைத் தள்ளினாள். பையிலிருந்த எலுமிச்சையைத் தண்ணீரில் பிழிந்து கொடுத்தேன். குடித்தாள்.

2.20 பஸ். "ஏறுங்க சாமி" என்றார் காலையில் பார்த்த அதே கண்டக்டர். அன்று ராத்திரி ஆத்தூரில் என் தட்டில் முருங்கைக்கீரை இருந்தது. எங்கள் கொல்லையில் பறித்தது. இப்போதெல்லாம் நான்தான் ஃபோன் செய்கிறேன், சாப்பிட்டாயா என்று கேட்கிறேன். சாப்பிட்டேன்ப்பா என்கிறாள். வேறு எதுவும் சொல்வதில்லை.

சாமியார் யாரும் இல்லை. களி கிண்டிப் போட்ட ஓர் அம்மா இருந்தார். நான் ஒரு ஃபோன் செய்தேன், அந்த வழியை அடைத்துவிட்டார்கள். இன்னும் திறக்கவில்லை.