தெற்குப் பக்கத்து வெயில்

எங்கள் மொட்டை மாடியில் சோலார் பேனல் போடுவதற்கு முன்னால் நான் கேட்காத கேள்வி இல்லை. கம்பெனியிலிருந்து வந்தவர் முதல் நாளே களைத்துப்போனார். தளத்தில் துளை போட்டால் மழைக்கு ஒழுகாதா? ஆடிக் காற்றில் பிய்த்துக்கொண்டு போகாதா? ஆலங்கட்டி விழுந்தால் கண்ணாடி தாங்குமா? வாரக்கணக்கில் மூட்டமாகவே இருக்கிற ஊரில் இது எதற்கு ஆகும்? குரங்கு ஏறி உட்கார்ந்தால்? அவர் பொறுமையாக ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். நான் ஆஸ்பத்திரி லேபில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள். இரண்டு முறை சரிபார்க்காமல் ஒரு ரிப்போர்ட்டிலும் கையெழுத்துப் போட்டதில்லை. அந்தப் புத்தி ரிடையர் ஆன பிறகும் போகவில்லை.

ஆனால் ஒரே ஒருவரை நான் எதுவுமே கேட்கவில்லை. என் அண்ணனை.

ஜோகுபாளையத்தில் எங்கள் அப்பா வாங்கிப்போட்டது ஒரு சின்ன வீட்டு சைட். அவர் போன பிறகு அண்ணனும் நானும் நடுவில் ஒரு சுவரை வைத்து அதைப் பிரித்துக்கொண்டோம். வடக்குப் பாதி எனக்கு, தெற்குப் பாதி அண்ணனுக்கு. கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு எதற்குப் பாதி என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். "பாப்பாவுக்கு இல்லாத எடமா?" என்று அண்ணன் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிட்டார். எனக்கு ஐம்பது வயது தாண்டிய பிறகும் அவருக்கு நான் பாப்பாதான். இரண்டு வீட்டுக்கும் கீழ்த்தளம் மட்டும். மேலே இரண்டு மொட்டை மாடிக்கும் நடுவில் முழங்கால் உயரக் கைப்பிடிச் சுவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமும் அதன் மேல் உட்கார்ந்து காபி குடிப்போம்.

எங்கள் தெருவில் வீடுகள் அகலத்தில் வளர இடம் கிடையாது. மேலேதான் வளரும். மூத்தவனுக்குக் கல்யாணமா, ஒரு மாடி. இளையவனுக்குக் கல்யாணமா, அதன் தலையில் இன்னொன்று. எந்த வீட்டில் எத்தனை மகன்கள் என்று தெருவில் நின்றே எண்ணிச் சொல்லிவிடலாம். அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தவள் நான். அண்ணனுக்கும் ஒரு மகன் இருந்தான். அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். நேற்றுவரை டவுசரோடு திரிந்தவன் என்பதால் அவனுக்கும் ஒரு நாள் கல்யாணம் ஆகும் என்று என் மண்டையில் ஏறவே இல்லை.

கம்பெனிக்காரர் மாடியில் திசைகாட்டியை வைத்துப் பார்த்துவிட்டு, "சவுத் சைடு ஃபுல் ஓபன் மேடம். சூப்பரா வெயில் விழும். நாளைக்கு அந்தப் பக்கம் யாரானா மாடி எழுப்புனா மட்டும்தான் நெழல் வரும். அது யார் வீடு?" என்றார்.

"எங்க அண்ணன் வீடு. அவரு கட்டமாட்டாரு."

ஒரு வினாடி கூட யோசிக்காமல் சொன்னேன். அண்ணன் அப்போது பத்தடி தள்ளித் தன் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். காதில் விழாமல் இருந்திருக்காது. திரும்பிப் பார்க்கவில்லை. கையிலிருந்த சட்டையை உதறிக் கொடியில் போட்டார்.

பேனல்கள் வந்தன. ஆயுத பூஜைக்கு இன்வெர்ட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துத் தேங்காய் உடைத்தது அண்ணன்தான். அடுத்த வாரமே பட்டப்பகலில் கரண்ட் போனது. தலைக்கு மேல் வெயில் கொளுத்துகிறது, என் வீட்டில் ஒரு ஃபேன் கூட ஓடவில்லை. போன் போட்டுக் கத்தினேன். லைனில் வேலை செய்கிறவர்களுக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்காக, கரண்ட் போனால் இதுவும் தானாக நின்றுவிடும் மேடம், நான் சொன்னேனே, என்றார் கம்பெனிக்காரர். சொல்லியிருப்பார். ஒழுகுமா ஒழுகாதா என்பதிலேயே குறியாக இருந்த எனக்கு அது காதில் ஏறவில்லை. அண்ணன் கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, "என்ன பாப்பா, சூரியனுக்கும் கரண்ட் கட்டா?" என்று கேட்டார். எனக்கு வந்த கோபமெல்லாம் சிரிப்பாகப் போய்விட்டது.

டிசம்பரில் வெயில் தெற்கே சாய்ந்தது. மதியத்துக்கு மேல் அண்ணனுடைய தண்ணீர் டேங்க்கின் நிழல் என் கடைசி பேனலின் ஓரத்தில் விழ ஆரம்பித்தது. ஓரத்தில் விழுந்தாலும் வரிசை மொத்தமும் மந்தமாகிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். எவ்வளவு கரண்ட் வருகிறது என்று போனில் காட்டுகிற கோடு இறங்குவதை அண்ணனிடம் காட்டினேன். சும்மா காட்டினேன் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். ஆனால் எதற்குக் காட்டினேன் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிளம்பரைக் கூப்பிட்டு டேங்க்கை ஸ்டாண்டிலிருந்து இறக்கி மாடித் தரையிலேயே உட்கார வைத்துவிட்டார். நான் தேங்க்ஸ் சொன்னதாகக்கூட ஞாபகம் இல்லை.

சில வருஷங்கள் அப்படியே போயின. அண்ணன் மகனுக்கு ஊரின் மறுகோடியில், பொம்மசந்திராவில் ஒரு ஃபேக்டரியில் வேலை கிடைத்தது. கல்யாணமும் ஆனது. அண்ணன் வீட்டில் ஒரே பெட்ரூம். அதைப் பிள்ளைக்கும் மருமகளுக்கும் விட்டுவிட்டு அண்ணனும் அண்ணியும் ஹாலில் பாய் போட்டுக்கொண்டார்கள். மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று அண்ணி வந்து சொன்ன மறுநாள் மாலை, அண்ணன் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். மேஸ்திரி பேனாவால் வரைந்து கொடுத்த பிளான் அது.

"பாப்பா, மேல ரெண்டு ரூம் போட்டுடலாம்னு இருக்கேன். நீ என்ன சொல்ற?"

"அப்ப என் பேனலு?"

"அத கொஞ்சம் ஒசரமா ஸ்டாண்டு போட்டு ஏத்திடலாமாமே. அந்தச் செலவு என்னுது."

"ஏத்துனா காத்துல பறந்துடும் அண்ணா. வாரண்டியும் போயிடும்."

நான் ஏற்கனவே கம்பெனிக்காரரிடம் கேட்டு வைத்திருந்தேன். வீட்டில் பிள்ளை வரப்போகிறது என்றதுமே அடுத்தது மாடிதான் என்று புரிந்துவிட்டது. "பண்ணலாம் மேடம், கொஞ்சம் வெயிட்டான பைப் போடணும், அவ்ளோதான்" என்று அவர் சொல்லியிருந்தார். அதை நான் அண்ணனிடம் சொல்லவில்லை. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை.

"அதுவும் இல்லாம, செட்பேக் விடாம நீ மேல கட்டுனா, நான் கார்ப்பரேஷனுக்கு எழுதிப் போட வேண்டியிருக்கும்."

வீட்டைச் சுற்றிச் சட்டப்படி விடவேண்டிய இடத்தைத்தான் சொன்னேன். அந்தத் தெருவில் எவனும் அதை விட்டதில்லை. என் வீடும் நாலு பக்கமும் ஒரு சாண் கூட விடாமல் கட்டினதுதான். என் வீட்டுக்காரர் அடுப்படி வாசலில் நின்று என்னை ஒரு பார்வை பார்த்தார். அண்ணன் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மீதிக் காபியைக் குடித்து முடித்து, எப்போதும் போல டம்ளரைத் தானே எடுத்துப் போய் சிங்க்கில் போட்டார்.

"சரி பாப்பா. விடு," என்றார்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று எத்தனையோ முறை கேட்டுக்கொண்டுவிட்டேன். என் சம்பாத்தியம் என் கைக்கு வந்த பிறகு எனக்கென்று நான் செய்துகொண்ட முதல் காரியம் அது என்று சொல்லலாம். தினமும் காலையில் அந்தக் கோடு ஏறுவதைப் பார்க்கிறதில் ஒரு கிறுக்கு வந்துவிட்டது என்றும் சொல்லலாம். எல்லாம் பூசி மெழுகுகிற வேலை. அது பிடிவாதம். அண்ணன் எனக்கு எதையும் இல்லை என்று சொன்னதே இல்லை. அதனால் வந்த திமிர்.

இரண்டு மாதத்தில் அவர்கள் நாலு பேரும் பொம்மசந்திரா பக்கம் வாடகை வீட்டுக்குப் போய்விட்டார்கள். டெம்போவில் சாமான் ஏறிக்கொண்டிருந்தபோது அண்ணன் வீட்டுச் சாவியோடு வந்தார். "மழ பேஞ்சா மாடியில தண்ணி போற ஓட்டை எல அடைச்சிக்கும். அப்பப்ப பாத்துக்க" என்றார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாவியை வாங்கினேன். தெருவே பார்க்கிற மாதிரி என்னைக் கெட்டவளாக்கிவிட்டுப் போகிறாரே என்று எனக்குத்தான் கோபம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்தான் போன் செய்வார். பேத்தி பிறந்ததைச் சொன்னார். அவள் குப்புற விழுந்ததைச் சொன்னார், தவழ்ந்ததைச் சொன்னார். "ஒரு நாளு வந்துட்டுப் போயேன் பாப்பா" என்பார். "ஹோசூர் ரோடு டிராஃபிக்ல எவ வருவா?" என்பேன். இரண்டு நிமிஷத்தில் வேலை இருக்கிறது என்று வைத்துவிடுவேன். எனக்கு என்ன வேலை? மாடியில் பேனலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலை அண்ணன் மகன் போன் செய்தான். வாக்கிங் போக ஷூ மாட்டக் குனிந்த அப்பா அப்படியே சாய்ந்துவிட்டார் என்றான். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து ஹாலில் கிடத்தியிருந்தார்கள். அந்த வீட்டுக்குள் நான் கால் வைத்தது அன்றுதான் முதல் முறை. செருப்பை எங்கே விடுவது என்று கூடத் தெரியாமல் வாசலில் நின்றேன். பேத்தியைத் தூக்கப் போனேன். அவள் என்னைப் பார்த்துப் பயந்து, யாரோ பக்கத்து வீட்டுப் பெண்ணின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

காரியம் முடிந்த அன்று நானும் அண்ணியும் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தோம். குழாயில் தண்ணீர் வேகமாகக் கொட்டியது. அண்ணி அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"இந்தத் தண்ணியப் பாத்துட்டு வந்த புதுசுல உங்க அண்ணன் கொழந்த மாதிரி சந்தோஷப்பட்டாரும்மா. அங்க டேங்க எறக்குனதுக்கு அப்புறம் பைப்புல நூலு மாதிரிதான வரும். ஒரு சின்ன மோட்டர் வெச்சிக்கலாம்னு சொன்னேன். வேணாம், சத்தம் கேட்டா எதுக்குன்னு பாப்பா கேப்பா, அவளுக்குச் சங்கடமா போயிடும்னுட்டாரு. அத்தினி வருஷமும் வாளியில புடிச்சு வெச்சுதான் குளிச்சோம்."

என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. போனவரின் நினைப்பில் வாயில் வந்ததைச் சொன்னாள். திட்டியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அந்தக் குழாயடியிலேயே உட்கார்ந்து அழுதேன். அண்ணிதான் என்னைத் தேற்றினாள். அவளை நான் தேற்றவேண்டிய நாளில்.

ஜோகுபாளையத்து வீட்டை அண்ணன் மகன் விற்றுவிட்டான். வாங்கியவர் அதை ஒரே வாரத்தில் இடித்தார். கீழே பார்க்கிங், அதன் மேல் நாலு மாடி என்றார்கள். பழைய புத்தி சும்மா இருக்குமா? தூண் எழும்பியதும் போய் நின்று, சுற்றிலும் இடம் விடாமல் எப்படிக் கட்டுவீர்கள் என்று கேட்டேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். என் வீட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கன்னடத்தில், "நீவு எஷ்டு பிட்டிதீரா, மேடம்?" என்றார். நீங்கள் எவ்வளவு விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். திரும்பி வந்தேன்.

முதல் தளம் போட்டபோது பாதி பேனல் நிழலுக்குள் போனது. இரண்டாம் தளத்துக்கு மொத்தமும் போனது. கம்பெனிக்காரர் வந்து பார்த்துவிட்டு, இனிமேல் இங்கே ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். எனக்கு அவர்மேலும் கோபம் வரவில்லை, வீடு கட்டுகிறவர்மேலும் வரவில்லை. முன்பின் தெரியாத ஒரு ஆள் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அந்த வெயிலை எடுத்துக்கொண்டார், நான் கொடுத்துவிட்டேன். காகிதத்தோடு வந்து கேட்ட என் அண்ணனுக்குத் தரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகனுக்குப் போன் செய்தேன். இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னேன்.

"பேனல் எல்லாத்தையும் கழட்டச் சொல்லிட்டேன்டா. எங்க மாடி மேல நீ கட்டிக்கோ. உன் பேருக்கே எழுதித் தர்றேன். அம்மாவையும் கொழந்தையையும் கூட்டிட்டு இங்கயே வந்துடு."

பின்னால் குழந்தை எதற்கோ சிணுங்கிக்கொண்டிருந்தாள்.

"வேணாம் அத்தை. எங்களுக்கு இங்கதான் சௌகரியம். ஃபேக்டரி பக்கத்துலயே இருக்கு."

"அப்பறம் எதுக்குடா அன்னைக்கு மாடி போடணும்னு நின்னீங்க?"

"நாங்க எங்க அத்தை நின்னோம்? கல்யாணம் ஆன புதுசுலயே இங்க வாடகைக்கு வந்துடலாம்னு நான் சொன்னேன். அப்பாதான் ஒத்துக்கல. அத்தைக்கும் வயசாயிட்டு வருது, புள்ளைங்க இல்ல, பக்கத்துல நாம இருக்கணும், நாம போயிட்டா அவளுக்கு யாரு இருக்காங்கன்னாரு. எங்களப் போகவிடாம புடிச்சு வெக்கத்தான் அந்த மாடி."

என் வீட்டுக்காரர் எதிரில் நின்று, என்னடி, என்ன சொல்கிறான் என்று கையால் கேட்டார். போன் காதிலேயே இருந்தது.

"அத்தை, லைன்ல இருக்கீங்களா?" என்றான் அவன்.

இருந்தேன்.