கையில் உருட்டிய குழாய்கள்

எதை எண்ணினாலும் சுருளி இருநூறில் நிறுத்திவிடுவான். திருமங்கலம் பஸ்ஸில் வரும்போது புளியமரங்களை எண்ணினாலும் அப்படித்தான். ஒரு ஸ்லைடில் இருநூறு வெள்ளணுக்களைப் பார்த்தால் போதும் என்பது மதுரை ஆய்வகத்தில் ஏறிய பழக்கம்.

அவன் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். 1981இல் பேராசிரியர் துளசிராம் அவனுக்குக் கொடுத்த வேலை, நோயாளியின் ரத்தத்தில் மற்ற அணுக்களை லேசாக மட்டுமே பிடித்துக்கொள்ளும் ஒருவகை வெள்ளணுக்களைக் கண்டுபிடிப்பது. ஆட்டு ரத்தத்தோடு கலந்து பனிக்கட்டியில் வைத்தால் அவற்றைச் சுற்றி ஆட்டின் சிவப்பணுக்கள் ஒட்டிக்கொள்ளும். பிறகு குலுக்கிக் கலந்து, ஒட்டியவற்றை எண்ண வேண்டும். சுருளிக்கு ஒட்டியவை இருநூறில் நாற்பதைத் தாண்டவே இல்லை.

ஒரு நாள் கரண்ட் போய், குலுக்கும் இயந்திரம் நின்றது. சுருளி டீ குடிக்கப் போயிருந்தான். ஆய்வகத்தில் சோதனைக் குழாய் கழுவும் முத்துத்தாய், அடியில் படிந்தது வீணாகிவிடக் கூடாதே என்று குழாய்களை உள்ளங்கையில் மெல்ல உருட்டி வைத்தாள். அவளுக்குப் பதினோரு வருஷமாகத் தற்காலிக வேலை. அந்த மாதம்தான் நிரந்தர உத்தரவு வர இருந்தது.

அன்றைக்கு நூற்றுப்பத்து ஒட்டியிருந்தன.

"இதெப்படிய்யா, ஒரே நாள்ல?" என்றார் துளசிராம்.

வேலை நேரத்தில் வெளியே போனது தெரிந்துவிடுமோ? சுருளியின் வாய் முந்திக்கொண்டது. "முத்துத்தாயக்கா குழாய மாத்தி வச்சிருச்சு சார்."

"அய்யா, கரண்டு இல்லன்னு கையில உருட்டுனேன். மாத்தலைய்யா" என்றாள் பக்கத்தில் நின்ற முத்துத்தாய்.

"பாத்திரம் வெளக்குற கைக்கு ஆராய்ச்சி கேக்குதோ?" என்றார் துளசிராம்.

மறுநாளே அவளை நிறுத்தினார்கள். 'மாதிரிகளை மாற்றியவர்' என்று கோப்பில் எழுதினார்கள். அந்த வரியைப் பார்த்தபின் வேறெந்த ஆய்வகம் சேர்க்கும்?

அடுத்த வாரம் யாரும் இல்லாதபோது சுருளி குழாயைக் கையில் உருட்டிப் பார்த்தான். நூற்றுப்பன்னிரண்டு. ஒட்டியதையெல்லாம் இத்தனை நாளும் இயந்திரம் உதறிவிட்டிருக்கிறது! துளசிராமிடம் ஓடினான். உண்மையைச் சொல்லத்தான் ஓடினானா என்பது அவனுக்கே நிச்சயமில்லை. வாயில் வந்தது, "புது முறை ஒண்ணு கண்டுபுடிச்சிருக்கேன் சார்."

முத்துத்தாய் சொன்னது துளசிராமுக்கு நினைவு வந்ததோ என்னவோ, அவர் கேட்கவில்லை. கட்டுரை அச்சானது. நன்றிப் பட்டியலில் ஆட்டு ரத்தம் தந்த ஒத்தக்கடைக் கசாப்புக்காரர் பெயர்கூட இருந்தது.

பழங்காநத்தம் டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த முத்துத்தாய் ஆய்வக வாசலுக்கு மறுபடியும் வந்து நின்றாள். "தம்பி, நான் மாத்தலைன்னு சாருகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. அம்புட்டுத்தான்."

"நாளைக்குச் சொல்றேன்க்கா."

"எட்டு மாசமா அதத்தான சொல்றீக."

பட்டம் வரட்டும், சொல்லலாம் என்றிருந்தான். வந்தது. வேலை கிடைக்கட்டும் என்றிருந்தான். அதுவும் கிடைத்தது. 1987இல் ஹைதராபாத்துக்குக் கிளம்பிய அன்று துளசிராம் அவன் தோளைத் தட்டினார். "வேற ஏதாச்சும் சொல்லணுமாப்பா?"

"ஒண்ணுமில்ல சார். வாரேன்."

முத்துத்தாய்க்குச் சேர வேண்டிய அந்த ஒரு வார்த்தையை இன்றுவரை யாரும் சொல்லவில்லை.