அரசு வக்கீல் மொழிபெயர்த்த வாக்குமூலம்

ஆந்திராவின் நகரியில் விசைத்தறிக் குடும்பத்தில் பிறந்தவள் நான். வீட்டில் தமிழ் பேசி, பள்ளியிலும் சட்டக் கல்லூரியிலும் தெலுங்கில் வளர்ந்தேன். வசதியில்லாதவர்களுக்கு அரசு செலவில் வாதாடும் வக்கீல்களில் நானும் ஒருத்தி. தமிழ் மட்டும் தெரிந்த யாரையாவது போலீஸ் பிடித்து வந்தால் கோர்ட்டிலிருந்து எனக்குத்தான் போன் வரும். பெரும்பாலும் செம்மரம் வெட்டினார்கள் என்று பிடிக்கப்பட்ட மலைக்கூலிகளாக இருப்பார்கள். அன்று வந்தது ஓர் இளம்பெண்.

தொழிற்சாலைச் சீருடையோடு கோர்ட் வராந்தாவில், பெண் போலீஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் தமிழில் பேசியதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"பயந்துக்கினு இருக்காதம்மா. உனக்காகப் பேசத்தான் வந்துக்கீறேன். என்ன நடந்துச்சு?"

தடாவைத் தாண்டி, எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் இருக்கும் அகதி முகாமில் வளர்ந்தவள் அவள். பெற்றோர் இலங்கையிலிருந்து வந்தவர்கள். இந்தப் பக்கம் ஸ்ரீ சிட்டித் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் வேலை, அருகிலேயே விடுதி. அங்கே ஒருத்தியின் செல்போன் காணாமல் போயிருக்கிறது. விசாரிக்க வந்த போலீஸ் எல்லோரிடமும் அடையாள அட்டை கேட்டிருக்கிறது. இவள் காட்டியது அகதி அட்டை. செல்போன் சற்று நேரத்தில் யாருடைய தலையணை உறைக்குள்ளிருந்தோ கிடைத்துவிட்டது. ஆனாலும் இவளை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். அனுமதியில்லாமல் நாட்டுக்குள் நுழைந்த வெளிநாட்டவர், பொய் முகவரி கொடுத்து வேலையில் சேர்ந்தவர் என்று வழக்கு.

"நான் கடலைத் தாண்டினதே இல்லை அக்கா. அரசாங்க ஆஸ்பத்திரியிலதான் பிறந்தனான். முகவரி எழுதினது ஆள் சேர்த்துவிட்ட ஏஜென்ட். என்ன எழுதினவரெண்டு எனக்குத் தெரியாது."

"போலீஸ் எதுலயாவது கையெழுத்து வாங்கினாங்களா?"

"வாங்கினவை. தெலுங்கில இருந்தது. போட்டா வீட்டுக்குப் போகலாமெண்டு சொன்னவை."

ஒருவரைக் கைது செய்தால் ஏன் என்று அவருக்குப் புரிகிற மொழியில் சொல்லியாக வேண்டும். அது போலீஸ் காட்டும் தயவு அல்ல, உரிமை.

வழக்கை எடுத்ததும் இதைத்தான் சொன்னேன். எஸ்.ஐ. மறுத்தார். தமிழிலேயே விளக்கியதாகவும், எல்லாம் புரிந்துதான் அவள் கையெழுத்துப் போட்டதாகவும் சொன்னார். மாஜிஸ்திரேட் கடலோர ஆந்திராக்காரர், தமிழ் தெரியாது. அந்தப் பெண்ணையே கேட்க விரும்பினார். நான் மொழிபெயர்க்க எழுந்தேன்.

"நீங்கள் அவளுடைய வக்கீல். நீங்களே மொழிபெயர்த்தால் நாளை கேள்வி வரும்," என்றார். பிறகு அரசு வக்கீல் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தமிழ் வரும் அல்லவா?"

அரசு வக்கீல் சித்தூர்க்காரர், வேலூரில் படித்தவர். தமிழ் நன்றாகவே வரும். ஆனால் அவளைச் சிறைக்கு அனுப்பச் சொல்லி வாதாட வந்தவரும் அவர்தான். ஆட்சேபிக்கலாமா என்று யோசித்தேன். முதலில் அவளையே கேட்பது நியாயம் என்று பட்டது; அவர் எதிர்த்தரப்பு என்று சொல்லிக் கேட்டேன்.

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அவர் சொல்லட்டும் அக்கா. பிழையாச் சொன்னா உங்களுக்கு விளங்கும்தானே."

சம்மதித்தேன். அவள் பேசினாள். அரசு வக்கீல் ஒரு வாக்கியத்தைக் கேட்பதும் தெலுங்கில் சொல்வதுமாக நின்றார். நான் ஒவ்வொரு சொல்லையும் பிடிக்கக் காத்திருந்தேன். கையெழுத்துப் பற்றிய இடம் வந்தது. போட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னார்கள், ஏன் பிடித்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை என்றாள். எஸ்.ஐ. அரசு வக்கீலையே முறைத்துக்கொண்டிருந்தார். அவர் அப்படியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். அவளுக்குத் தெலுங்கு படிக்கத் தெரியுமா என்று மாஜிஸ்திரேட் கேட்டதற்கு, "தெரியாது என்கிறாள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது," என்று தானாகவே சேர்த்துக்கொண்டார்.

காவலில் வைக்க மாஜிஸ்திரேட் மறுத்துவிட்டார். சொந்த ஜாமீனில் போகலாம் என்றார். அதை நான் தமிழில் சொன்னபோது அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. "இப்பவே போகலாமா?" என்று இரண்டு தரம் கேட்டாள். பஸ் மாறி மாறி வந்து வாசலில் நின்ற அவள் அம்மா, மகளைக் கண்டதும் அழவில்லை. "சாப்பிட்டனியா பிள்ளை?" என்றுதான் கேட்டார். எதிரே இருந்த ஓட்டலுக்கு மூவரும் போனோம்.

போகும்போது, கோர்ட்டிலிருந்து வெளியே வந்த அரசு வக்கீலிடம் நன்றி சொன்னேன். "நன்றி எதுக்கும்மா? அந்தப் பொண்ணு சொன்னதைத்தானே சொன்னேன்," என்று வண்டியைக் கிளப்பினார்.

வழக்கு சில மாதங்கள் இழுத்தது. பிறப்புச் சான்றிதழையும் முகாம் பதிவையும் கொடுத்தேன். முகவரியை எழுதியது தான்தான் என்று ஏஜென்ட் ஒப்புக்கொண்டார். அரசுத் தரப்பு ஆட்சேபிக்கவில்லை. அவளை வழக்கிலிருந்து விடுவித்தார்கள். பழைய தொழிற்சாலை அவளைத் திரும்பச் சேர்க்கவில்லை, இன்னொன்று சேர்த்தது. வெளியே தங்க இன்னமும் முகாம் அலுவலகத்தில் அனுமதி வாங்கவேண்டியிருக்கிறது. அந்தக் கதவு என் வாதத்துக்குத் திறக்காது, இருந்தும் அவள் மனுப் போட்டுக்கொண்டேதான் இருக்கிறாள்.

போன மழைக்காலத்தில் அவளிடமிருந்து போன் வந்தது. விடுதியில் இருந்த ஒடிசாப் பெண்ணைச் சந்தேகத்தில் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போயிருக்கிறார்களாம்.

"நான் ஸ்டேஷன் வாசல்லதான் நிக்கிறன் அக்கா. ஒரியா தெரிஞ்ச சூப்பர்வைசரையும் கூட்டியந்திட்டன். அவளுக்கு விளங்கிற மாதிரிச் சொல்லாம எதையும் எழுதி வாங்கக் கூடாதெண்டு உள்ள போய்ச் சொன்னனான். நீங்க எவ்வளவு நேரத்தில வருவியள்?"

நான் போய்ச் சேர்ந்தபோது, அன்று அவளைப் பிடித்துப்போன அதே எஸ்.ஐ. எனக்குப் போன் செய்த அவளுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்திருந்தார். ஒடிசாப் பெண் சாயங்காலமே விடுதிக்குத் திரும்பிவிட்டாள்.